பழைய கடல் ரீல்: பழுதுபார்ப்பதா, வலுவூட்டுவதா, மாற்றுவதா?

உப்புநீரில் பல ஆண்டுகள் உழைத்த மீன்பிடி ரீல் ஒன்று, அதாவது தூண்டில் கம்பில் பொருத்தி நரம்பைச் சுற்றும் பொறி, கரகரக்கத் தொடங்கும்போது, அதை வைத்திருப்பவரிடம் வழக்கமாக இரண்டு யோசனைகளே சொல்லப்படுகின்றன: கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுங்கள் என்பது ஒன்று, ஓரம் கட்டிவிட்டுப் புதியது வாங்குங்கள் என்பது மற்றொன்று. உண்மையில் வழிகள் நான்கு. தானே முழுவதும் பிரித்துப் பராமரிக்கலாம். ரீல் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். தேய்ந்தவற்றின் இடத்தில் முன்பிருந்ததைவிட வலுவான பாகங்களைப் பொருத்தித் திறனை உயர்த்தலாம். அல்லது அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு இன்றைய வடிவமைப்பில் ஒன்றை வாங்கலாம். இவற்றுள் எது பொருந்தும் என்பதை ரீலின் வயதைக் கொண்டோ, அதன் மேல் பொறித்திருக்கும் பெயரைக் கொண்டோ முடிவு செய்ய முடியாது. கெட்டிருப்பது தேய்வதற்கென்றே அமைந்த பாகமா, மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் உடலா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும் என்பது என் கருத்து.

மீன் இழுக்கும்போது நரம்பைத் தடையோடு வெளியே விடும் டிராக்கின் வாஷர்கள், சுருள்வில்கள், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாக்கு, பேரிங்குகள், சிறிய பினியன் கியர் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. இவை தேயும் என்று எதிர்பார்த்தே ரீல் வடிவமைக்கப்படுகிறது. இவை மாற்றுவதற்காகவே இருக்கின்றன. பக்கத்தட்டுகள், அவற்றைச் சுற்றிய உலோக வளையங்கள், குறுக்குத் தூண்கள், நரம்பு சுற்றப்படும் ஸ்பூல், கம்போடு பொருந்தும் அடிப்பாகம் ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகையில் எத்தனை பாகங்கள் போயிருந்தாலும் ரீலை மீட்டுவிட முடியும். இரண்டாம் வகையில் ஒன்று போனாலும் கணக்கு மாறிவிடுகிறது.

உப்பு என்ன செய்கிறது

முடிவெடுப்பதற்கு முன் அரிப்பின் வகைகளைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் கண்ணுக்கு மிகவும் அசிங்கமாகத் தெரியும் அரிப்பு பல நேரங்களில் தீங்கற்றதாகவும், கண்ணுக்கு எளிதில் படாத அரிப்பு உயிரை வாங்குவதாகவும் இருக்கிறது. பழைய டிரம் வகை ரீல்களில், அதாவது ஸ்பூலே சுழன்று நரம்பை ஏற்றியிறக்கும் ரீல்களில், பக்கத்தட்டு பெரும்பாலும் பேக்கலைட் என்ற பழைய கடினப் பிளாஸ்டிக்காலும், வளையங்கள் குரோமிய முலாம் பூசிய பித்தளையாலும், பெரிய கியர் வெண்கலத்தாலும் ஆனவை. இந்தக் கலவையில் முலாம் உடைந்த இடங்களில் பச்சைக் களிம்பு பூக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும், களிம்பைத் துடைத்து எடுத்தபின் அடியிலுள்ள பித்தளை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். பேக்கலைட்டை உப்பு ஒன்றும் செய்வதில்லை. அதன் பகை அதிக இறுக்கமும் அடியும்தான். திருகாணித் துளைகளிலிருந்து மயிரிழையாகக் கிளம்பும் விரிசல்களை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியோடு, தேடிப் பார்க்க வேண்டும்.

அலுமினிய உடல்கொண்ட ரீல்களில் நடப்பது வேறு. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி அலுமினியத்தில் பதிந்திருக்கும்போது, இடையில் உப்புநீர் புகுந்தால் அந்த இரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன. அதில் கரைவது அலுமினியமே. திருகாணித் தலையைச் சுற்றி வண்ணப்பூச்சு கொப்பளித்து, உள்ளே வெண்பொடி தெரிந்தால், எஃகுத் திருகாணி பளபளப்பாக இருந்தாலும் அது பிடித்திருக்கும் மரை கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய ஸ்பின்னிங் ரீல்கள், அதாவது ஸ்பூல் சுழலாமல் நிற்க, சுழலும் தலை ஒன்று நரம்பை அதன்மேல் சுற்றும் ரீல்கள், வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்தும் பிரித்ததும் கைவிடப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். மெக்னீசியம் கலந்த உடல்கள் இன்னும் விரைவாகக் கரையும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உப்பு காய்ந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் உலர்ந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும். எனவே ரீல் அலமாரியில் சும்மா இருக்கும் மாதங்களிலும் அரிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த ரீல், ஒழுங்காகப் பயன்பட்டு ஒழுங்காகக் கழுவப்பட்ட ரீலைவிட மோசமான நிலையில் இருப்பதன் காரணம் இதுதான்.

பிரிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஸ்பூலை விடுவித்துச் சுழற்றினால் அது ஒரே சீராக ஓடி மெல்ல நிற்க வேண்டும். ஓரத்தில் உரசினால் ஸ்பூல் விரிந்திருக்கலாம் அல்லது உடல் கோணியிருக்கலாம். கைப்பிடியைச் சற்று முன்னும் பின்னும் அசைக்கும்போது வரும் தளர்வு நாக்கின், கியர் தண்டின் தேய்மானத்தைச் சொல்லும். நரம்பைத் தராசில் மாட்டி மெதுவாக இழுக்கும்போது முள் ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கித் துள்ளினால் டிராக் வாஷர்கள் முடிந்துவிட்டன. இவற்றில் முதல் சோதனையில் தோற்ற ரீல்தான் உண்மையில் கவலைக்குரியது. மற்ற இரண்டும் பாகம் மாற்றினால் தீரும் குறைகள்.

தானே பிரிப்பது

நட்சத்திர வடிவச் சக்கரத்தால் டிராக்கை இறுக்கும் பழைய டிரம் ரீல்தான் தன் கையால் பழுதுபார்ப்பதற்கு மிகவும் ஏற்றது. இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1932-இல் பிலடெல்பியாவில் ஓட்டோ ஹென்சி தொடங்கிய பென் என்ற ரீல் நிறுவனம் 1936-இல் செனட்டர் வரிசையை வெளியிட்டது. அதன் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை. பாகங்களின் எண்முறையும் எளிமையானது: கோட்டுக்கு முன்னுள்ள எண் பாகத்தின் வகையையும், பின்னுள்ளது மாதிரியையும் குறிக்கும். 5 என்றால் பெரிய கியர், 13 என்றால் பினியன், 29 என்றால் ஸ்பூல். ஆகவே 13-113 என்பது 113 மாதிரியின் பினியன் என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். வெவ்வேறு காலத்தில் வந்த ரீல்களின் பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்துவதால், உடைந்த ஒரு ரீல் இன்னொன்றுக்குப் பாகங்கள் தரும் களஞ்சியமாகிறது.

கருவிகளும் அதிகம் தேவையில்லை. திருகாணியின் வெட்டில் இறுக்கமாக, அகலத்திலும் தடிமனிலும் சரியாகப் பொருந்தும் திருப்புளி ஒன்றே இங்கு முதன்மையானது. நுனி சரிவாகக் குறுகும் சாதாரணத் திருப்புளி வெட்டிலிருந்து வழுக்கி வெளியேறி, திருகாணித் தலையையும் முலாமையும் ஒருசேரக் கெடுத்துவிடும். அசையாத திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருப்பதும், முதலில் சற்றே இறுக்கும் திசையில் அழுத்திப் பிறகு தளர்த்துவதும் பலன் தரும். சூடேற்றிய சால்டரிங் இரும்பைத் திருகாணித் தலையில் வைப்பது உலோக உடலில் நல்ல உத்தி. பேக்கலைட் தட்டில் அதைச் செய்யலாகாது. கைப்பிடிப் பக்கத்துத் தட்டைத் திறக்கும்போது பினியனைத் தாங்கும் நுகத்தின் கீழ் இரண்டு சிறிய சுருள்வில்கள் இருக்கும். அவை துள்ளிப் பறந்து கண்ணில் படாத மூலைக்குப் போய்விடும் தன்மை உடையவை என்பதால், அந்த ஒரு கட்டத்தைத் தெளிவான பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவைத்துச் செய்வதே உத்தமம். ஒவ்வொரு அடுக்கையும் எடுக்குமுன் படம் எடுத்துக்கொண்டால் திரும்பக் கோப்பது எளிதாகிவிடும்.

களிம்பைப் போக்க வினிகரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சம அளவு தண்ணீர் கலந்து, பித்தளை, வெண்கலப் பாகங்களை மட்டும், அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் ஊறவைத்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. அதே கரைசலில் இரவு முழுவதும் விட்டுவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பின் இளஞ்சிவப்பாக மாறிவிடும். அலுமினியத்தை அது நேரடியாகவே அரிக்கும். ஊறவைத்த பின் நன்னீரில் அலசி முழுவதும் உலர்த்தாவிட்டால், களிம்பைப் போக்கிய அமிலமே அடுத்த களிம்புக்கு வித்திடும்.

பொருத்தும்போது எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய் என்பதில்தான் அனுபவமற்றவர்கள் தடுமாறுகிறார்கள். கியர்கள், திருகாணி மரைகள், தட்டுகளின் உட்புறம், ரீலின் அடிப்பாகம் ஆகியவற்றுக்குக் கடல்நீரில் கரையாத மரைன் கிரீஸ் மெல்லிய படலமாகப் போதும். மரையில் வைக்கும் ஒரு துளி கிரீஸ், மேலே சொன்ன மின்கல அரிப்பைத் தடுக்கும் மிக மலிவான காப்பு. வீசுவதற்குப் பயன்படும் ரீலின் ஸ்பூல் பேரிங்குகளில் எண்ணெய்தான் விட வேண்டும், ஏனெனில் கிரீஸ் சுழற்சியை மந்தமாக்கும். படகிலிருந்து இழுத்துச் செல்லும் ட்ரோலிங் ரீலில் வேகமான சுழற்சி தேவையில்லாததால் பேரிங்கை கிரீஸால் நிறைப்பதே அதற்கு ஆயுள். ஓசையின்றிப் பின்சுழற்சியைத் தடுக்கும் உருளைப் பேரிங் உள்ள ரீல்களில் கெட்டியான கிரீஸ் புகுந்தால், உருளைகள் பிடிக்காமல் வழுக்கி, கைப்பிடி திடீரெனப் பின்னோக்கிச் சுழலும். அங்கே மெல்லிய எண்ணெய் ஓரிரு துளி மட்டுமே. தண்ணீரை விரட்டும் ஸ்பிரேக்களை மசகாகக் கருதக் கூடாது. அவை உள்ளிருக்கும் கிரீஸைக் கழுவிக் கொண்டுவந்துவிடும்.

மெக்கானிக்கிடம் கொடுப்பது

லீவரால் டிராக்கை இயக்கும் ரீலும், ஸ்பின்னிங் ரீலும் மெக்கானிக்கின் கைக்குப் போவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. லீவர் டிராக்கில் ஸ்பூல் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து டிராக் தட்டில் அழுந்துகிறது. கிண்ணம்போல் குழிந்த வில்வாஷர்களை எந்தத் திசையில், எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்து லீவரின் நகர்வுக்கும் டிராக்கின் ஏற்றத்துக்கும் உள்ள உறவே மாறிவிடும். ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அடுக்கினால் அழுத்தம் படிப்படியாக ஏறும்; ஒரே முகமாக அடுக்கினால் சிறு நகர்விலேயே ஏறிவிடும். ஸ்பின்னிங் ரீலிலோ, கியர்களின் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கப்பட்ட மெல்லிய இடைத்தகடுகள் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று தவறிவிட்டால், எல்லாப் பாகமும் புதிதாக இருந்தும் ரீல் அரைக்கும் ஓசை எழுப்பும். சுழலும் தலையின் நடுநிலை, நரம்பு உருளையின் பேரிங், ஸ்பூலை மேலும் கீழும் நகர்த்தும் பொறி என்று கவனிக்க வேண்டிய இடங்களும் அதிகம்.

மெக்கானிக்கிடம் இருக்கும் மிகப்பெரிய சொத்து அவருடைய கருவிகளைவிட, அவர் பல ஆண்டுகளில் சேர்த்து வைத்திருக்கும் உதிரிப் பாகங்கள்தான். உற்பத்தி நின்றுபோன ஒரு மாதிரியின் நாக்கோ வில்லோ எங்கும் கிடைக்காதபோது அவருடைய பெட்டியில் கிடைக்கும். அதே சமயம், ரீல் வேலை தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்பவர் எல்லாரும் உள்ளே திறப்பதில்லை. வெளியே துடைத்து, தெரிந்த துளைகளில் எண்ணெய் விட்டுத் திருப்பித் தருபவர்களும் உண்டு. எனவே கொடுப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்பது முறை: டிராக் வாஷர்களில் என்ன தடவுவீர்கள், பேரிங்குகளைக் கழற்றிக் கழுவுவீர்களா, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா. முதல் கேள்விக்குச் சாதாரண கிரீஸ் என்று பதில் வந்தால், அல்லது அங்கே எதுவும் தேவையில்லை என்று காரணம் சொல்லாமல் முடித்துக்கொண்டால், ரீலை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். மீன் நன்றாகக் கிடைக்கும் பருவத்தில் எல்லா மெக்கானிக்கின் மேசையும் நிறைந்திருக்கும் என்பதால், பருவம் முடிந்த கையோடு கொடுப்பவருக்கே நிதானமான வேலை கிடைக்கும்.

உழைப்புக் கூலியும் பாகங்களும் சேர்ந்து அதே தரத்திலுள்ள புதிய ரீலின் விலையில் பாதியை நெருங்கினால், நடுத்தர ஸ்பின்னிங் ரீலுக்கு அதைச் செலவழிப்பதை நான் ஏற்கமாட்டேன். திடமான பழைய டிரம் ரீலுக்கு அந்த வரம்பைச் சற்றுத் தளர்த்தலாம், ஏனெனில் அதில் போடும் வாஷரும் வில்லும் இன்னும் நீண்ட காலம் உழைக்கும் ஓர் உடலுக்குள் போகின்றன.

வலுவூட்டுவது

ரீல்களில் காலத்தால் மிகவும் முன்னேறிய பகுதி எதுவென்றால் அது டிராக் வாஷர்தான். தொடக்கக் கடல் ரீல்களில் டிராக் என்பதே இல்லை. மீன் ஓடும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களைப் பதம் பார்த்தது, பிடிப்பவர் தோல்பட்டையைக் கட்டைவிரலால் ஸ்பூலின் மேல் அழுத்தியே தடை கொடுத்தார். உள்ளே வாஷர் அடுக்குடன் வில்லியம் போஷன் என்ற தூண்டில்காரர் வடிவமைத்து, ரீல் தயாரிப்பாளர் ஜூலியஸ் வாம் ஹோஃப் செய்துகொடுத்த ரீலைக் கொண்டு, 1913-இல் கலிபோர்னியாவின் கட்டலினா தீவருகே போஷன் வாள்மீனைத் தூண்டிலில் பிடித்த பிறகே அந்த அமைப்பின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்தது. அந்த அடுக்கின் அடிப்படை இன்றும் அதுவே. மாறியது அதன் பொருள் மட்டும். தோல், நார்த்தட்டு, வாகன பிரேக்கில் வருவது போன்ற கலவைத் தட்டு என்று போய், இன்று நெய்த கார்பன் இழை வாஷரில் வந்து நிற்கிறது. பழைய கலவைத் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு; என்ன பொருள் என்று தெரியாத பழைய வாஷரை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்காமல், ஈரத்துணியோடு எடுத்து அப்புறப்படுத்துவதே சரி.

கார்பன் வாஷர் ஏன் மேலானது என்றால், சூடேறும்போது அதன் பிடிப்பு மாறுவதில்லை. வேகமாக ஓடும் பெரிய மீன் ஒன்று டிராக்கை நன்றாகவே கொதிக்கவைத்துவிடும். தோலும் நார்த்தட்டும் அந்தச் சூட்டில் இறுகி, கருகி, விட்டுவிட்டுப் பிடிக்கத் தொடங்கும். நரம்பு அறுவது பெரும்பாலும் அந்தத் துள்ளலில்தான். கார்பனை உலர்வாக வைப்பதா, கிரீஸ் தடவுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உலர்வாக வைத்தால் உச்ச டிராக் சற்று அதிகமாகக் கிடைக்கும். டெஃப்லான் கலந்த டிராக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவித் துடைத்து வைத்தால், அந்த உச்சத்தில் சிறிது குறைந்தாலும், தொடக்கம் மென்மையாகும். இடையிலுள்ள உலோக வாஷர்களும் துருவிலிருந்து தப்பும். உப்புநீரில் பயன்படும் ரீலுக்கு இரண்டாவதையே நான் தேர்வேன், ஏனெனில் துருப்பிடித்த உலோக வாஷர் எந்தக் கார்பனையும் பயனற்றதாக்கிவிடும்.

தேவையான டிராக் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நரம்பு அறும் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கைத் தராசில் வைத்து அமைப்பது பொதுவழக்கம். 15 கிலோவில் அறும் நரம்புக்கு 4 முதல் 5 கிலோ. இந்த அளவைத் தருவதற்கு நல்ல வாஷர் போட்ட பழைய ரீல் ஏதும் திணறுவதில்லை. மேலும், நரம்பு ஓடி ஓடி ஸ்பூலில் சுற்றின் விட்டம் பாதியாகும்போது, சக்கரத்தைத் தொடாமலே நரம்பின் மேலுள்ள இழுவை இரண்டு மடங்காகிறது. இதை அறிந்தவர் பெருந்திறன் டிராக்கைத் தேடி அலையமாட்டார்.

தேடி அலைவதில் உள்ள உண்மையான சிக்கல், வலு ஓரிடத்தில் கூடினால் பளு அடுத்த இடத்துக்குப் போகிறது என்பதே. வாஷரை மட்டும் மாற்றி டிராக்கை இருமடங்காக்கினால், அந்தப் பளுவை இப்போது ஒற்றை நாக்கும் மென்மையான பழைய கியர் தண்டும் தாங்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் கியர்களையும் தண்டையும் மாற்றினால், அடுத்துக் கோணுவது தூண்களால் இணைக்கப்பட்ட உடல். அதையும் மாற்ற, ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்த உடல்களைப் பிற தயாரிப்பாளர்கள் பழைய பென் ரீல்களுக்கென்றே செய்து விற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் பழைய ரீலில் மிச்சமிருப்பது கைப்பிடியும் பெயரும்தான். செலவோ புதிய ரீலைத் தாண்டியிருக்கும். வாஷர்கள், வில்கள், நாக்கு, தேவைப்பட்டால் கியர் தண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வது இவ்வழியில் நியாயமான எல்லை என்று கருதுகிறேன். அதையும் தாண்டி மாற்றுவது தன் பொழுதுபோக்கு என்று சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஸ்பூல். பழைய ரீல் பலவற்றில் எடை குறைவுக்காகப் பிளாஸ்டிக் ஸ்பூல் வைக்கப்பட்டது. நைலான் நரம்பு பளுவின்கீழ் நீண்டு, நீண்ட நிலையிலேயே சுற்றப்பட்டு, பிறகு சுருங்க முயலும்போது ஸ்பூலை நெருக்கி, ஓரத்தட்டுகளை வெளியே தள்ளும். நூற்றுக்கணக்கான சுற்றுகளின் அழுத்தம் சேர்ந்து ஒருநாள் ஸ்பூலைப் பிளந்துவிடும். கடலில் உண்மையாகப் பயன்படுத்தப் போகும் ரீலில் பிளாஸ்டிக் ஸ்பூல் இருந்தால், அது விரிசலின்றித் தோன்றினாலும், உலோக ஸ்பூலுக்கு மாற்றுவதே முதல் செலவாக இருக்க வேண்டும். பின்னல் நரம்பான பிரெய்டைச் சுற்றுபவர், அடியில் சில சுற்று நைலான் நரம்பைப் போட்டுக்கொள்ளாவிட்டால், பிரெய்டு முழுச்சுருளாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று தவறாகக் கருதி ரீலைப் பிரிப்பவர்களும் உண்டு.

புதியது வாங்குவது

புதிய ரீலுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியவை உண்மையானவை. பழமைப் பற்றில் அவற்றை மறைப்பது நேர்மையல்ல. பழைய பெரிய ரீல்களில் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் இரண்டு மூன்று முறைதான் சுழலும். ஜிக்கிங் போன்ற, இரையை வேகமாக மேலிழுக்கும் முறைகளுக்குச் செய்யப்படும் இன்றைய ரீல்களில் அது ஆறு முறையைத் தாண்டுகிறது. எடை குறைவு, பிரெய்டுக்கு ஏற்ற ஒடுங்கிய ஸ்பூல், உடல் கோணாத ஒற்றை வார்ப்பு ஆகியவையும் நாள் முழுவதும் கையில் பிடிப்பவருக்குப் பெரிய வேறுபாட்டைத் தருகின்றன. எந்த முறையில் மீன் பிடிக்கிறோம் என்பது மாறிவிட்டிருந்தால், பழைய ரீலை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அது அந்த வேலையைச் செய்யாது. அங்கே பழுதுபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீர் புகாக் காப்பு என்ற விளம்பரத்தை மட்டும் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். பென் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் வரிசைக்கு ஐபிஎக்ஸ்5 தரமும், ஸ்லாமர் மூன்றாம் வரிசைக்கு ஐபிஎக்ஸ்6 தரமும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த இரு தரங்களும் நீர்த்தாரையைத் தாங்குவதைக் குறிப்பவை. நீரில் மூழ்கிக் கிடப்பதைத் தாங்குவதற்கு 7 என்ற எண் வேண்டும். ரப்பர் அடைப்புகள் புதிதாக இருக்கும்வரை உப்பை வெளியே நிறுத்துகின்றன என்பதில் ஐயமில்லை. அவை தேய்ந்தபின் உள்ளே நுழைந்த உப்புநீர் வெளியேறவும் வழியின்றி அங்கேயே தங்கிவிடும் என்பதும், அதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. அடைப்புள்ள ரீலும் காலமுறைப்படி திறக்கப்பட வேண்டிய ரீலே. திறப்பது மட்டும் பழையதைவிடக் கடினம்.

பாகங்கள் கிடைப்பதும் ஒரு கேள்வி. இன்றைய மாதிரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. ஒரு தலைமுறையின் ரோட்டரோ (சுழலும் தலை) ஸ்பூலோ அடுத்ததற்குப் பொருந்துவதில்லை. வாங்கும் நாளிலேயே டிராக் வாஷர்களின் ஒரு தொகுதியையும், நரம்பு உருளையின் பேரிங்கையும், நரம்பைப் பிடித்து உருளையில் ஏற்றும் பெயில் கம்பியின் வில்லையும் உதிரியாக வாங்கி வைப்பவர், அந்த ரீலின் ஆயுளைச் சொல்லத்தக்க அளவு நீட்டிக்கொள்கிறார்.

ரீலின் வகையை வைத்துப் பார்த்தால்

இதுவரை சொன்னவற்றை ரீல்களின் மேல் பொருத்திப் பார்த்தால் விடைகள் ஒரே மாதிரி வருவதில்லை. பேக்கலைட் தட்டும் பித்தளை வளையமும் கொண்ட நட்சத்திர டிராக் ரீலில் விரிசல் இல்லாதவரை, களிம்பு எவ்வளவு பூத்திருந்தாலும், தானே பிரித்து வாஷரும் வில்லும் மாற்றுவதே என் முதல் தேர்வு. தட்டில் விரிசல் கண்டால், அதே மாதிரியின் இன்னொரு பழைய ரீலை வாங்கி இரண்டிலிருந்து ஒன்றைச் சேர்ப்பது புதிய தட்டைத் தேடுவதைவிட எளிது. லீவர் டிராக் ரீலில் உடல் நன்றாக இருந்தால் மெக்கானிக்கின் கூலி வீணாகாது. அலுமினிய ஸ்பின்னிங் ரீலில் திருகாணியைச் சுற்றி வெண்பொடி கண்டுவிட்டால் நான் செலவழிக்கமாட்டேன். நல்ல நிலையிலுள்ள கியர், ஸ்பூல், கைப்பிடி ஆகியவற்றை எடுத்து எண்ணெய் தடவிப் பையில் போட்டு வைப்பேன்.

பழைய ஸ்பின்னிங் ரீல்களிலும் காப்பாற்றத்தக்கவை உண்டு. 1961-இல் தொடங்கிய பென் ஸ்பின்ஃபிஷர் வரிசையின் வழிவந்த 704, 706 ஆகியவற்றில் திருகுப்பல் அமைப்புள்ள கியர் மிகத் திடமானது. 706-இல் நரம்பைக் கையாலேயே உருளையில் ஏற்ற வேண்டும் என்பதால், உடையக்கூடிய பெயில் கம்பியே அதில் இல்லை. உள்ளே கிரீஸ் காயாமல் இருந்த இத்தகைய ரீலைப் பிரித்துப் பார்த்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் பற்கள் கூர்மையாக இருப்பதைக் காணலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அன்றாடப் பராமரிப்பு மாறுவதில்லை. டிராக்கை இறுக்கிக்கொண்டு, மெல்லிய நன்னீர்த் தூறலில் கழுவ வேண்டும். அழுத்தமான தாரை உப்பைக் கழுவுவதற்குப் பதிலாக உள்ளே தள்ளும். துடைத்து நிழலில் உலர்த்தியபின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லையெனில் அழுந்திய வாஷர்கள் அந்த வடிவத்திலேயே இறுகி, அடுத்த முறை தொடக்கத்திலேயே ஒட்டிப் பிடிக்கும்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் வெளியே நிற்பவை கடின ரப்பர் தட்டும் நிக்கல் வெள்ளி வளையமும் கொண்ட எட்வர்ட் வாம் ஹோஃப் என்ற பழைய ரீல் தயாரிப்பாளர் காலத்து ரீல்கள். இவற்றைப் பிரித்து மெருகேற்றுவது பழுதுபார்ப்பே ஆகாது; மேற்பரப்பில் காலம் ஏற்றிய நிறத்தைத் தேய்த்து எடுத்தால் சேகரிப்பாளர் தரும் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும், புதிய திருகாணி ஒன்றைப் பொருத்தினாலும் அப்படியே. அத்தகைய ரீல் கைக்கு வந்தால், உப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டு வைத்துவிட்டு, கடலுக்கு வேறு ரீலை எடுத்துச் செல்ல வேண்டும்.